மூன்று சுழியும் தெரிகிற திரை

மூணு சுழி ‘ண’வுக்கு மூன்று சுழியும் தெரியவேண்டும். ரெண்டு சுழி ‘ன’வுக்கு இரண்டும் தெரியவேண்டும். மெய்யெழுத்தின் தலையில் புள்ளி ஒட்டாமல், உரசாமல், உருண்டையாக உட்கார்ந்திருக்கவேண்டும். நல்ல அச்சுப் புத்தகத்தில் கேட்காமலே கிடைக்கும் இந்தச் சுகம் லேப்டாப் திரையில் கிடைக்குமா? கிடைக்கும் ஐயா, தாராளமாகக் கிடைக்கும்! 14 அங்குலத் திரையில் 2560×1600 ரெசல்யூஷன் இருந்தால் போதும். அப்படி ஒரு திரையின் முன்தான் இப்போது என் பொழுதெல்லாம் போகிறது. பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். இன்று உங்கள் முறை.

மெய்ப்பு பார்ப்பது என் தொழில். பழைய தமிழ்ப் புத்தகங்களின் ஸ்கேன் பிரதிகளைத் தேடித் தேடிப் படிப்பது என் பித்து. பகலில் ஒற்று மிகுந்திருக்கிறதா என்று துருவுவேன், இரவில் உ.வே.சா. பதிப்புகளின் அடிக்குறிப்புகளில் மூழ்குவேன். லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் ப்ராசசர் என்ன, ராம் எவ்வளவு, எஸ்எஸ்டி எவ்வளவு என்று வரிசையாகக் கேட்கிறார்கள். படிப்பதற்காக வாங்குகிறவர் முதலில் கேட்கவேண்டியது வேறு: திரை எத்தனை அங்குலம், அதில் எத்தனைக்கு எத்தனை பிக்சல்?

இந்த இரண்டு எண்ணும் தெரிந்தால் மூன்றாவது எண்ணை நாமே கண்டுபிடித்துவிடலாம். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை பிக்சல் அடங்குகிறது என்பதைப் பிபிஐ என்கிறார்கள். அகலத்தின் வர்க்கத்தையும் உயரத்தின் வர்க்கத்தையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, திரையின் மூலைவிட்ட அங்குலத்தால் வகுக்கவேண்டும். கைபேசிக் கால்குலேட்டரில் அரை நிமிட வேலை. மலிவு லேப்டாப்புகளில் நெடுங்காலம் கோலோச்சிய 15.6 அங்குல, 1366×768 திரைக்கு இந்த எண் 100. அதே 15.6 அங்குலத்தில் ஃபுல் ஹெச்டி, அதாவது 1920×1080 என்றால் 141. என் 14 அங்குல 2560×1600 திரைக்கு ஏறக்குறைய 216!

இனி இந்த எண்களை ஓர் எழுத்தின் மேல் வைத்துப் பாருங்கள். திரையில் 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு ‘ணூ’ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 100 பிபிஐ திரையில் அதற்குக் கிடைக்கும் உயரம் 12 பிக்சல். 141 பிபிஐ என்றால் 17. 216 பிபிஐ என்றால் 25. உயரத்தில் இரண்டு மடங்குதானே என்று நினைக்காதீர்கள். 12க்கு 12 என்றால் 144 கட்டங்கள். 25க்கு 25 என்றால் 625 கட்டங்கள். எழுத்தின் அளவு அதேதான், ஆனால் அதை வரைவதற்கு நான்கு மடங்குக்கு மேல் இடம்! 144 கட்டத்துக்குள் ‘ணூ’ எழுதச் சொல்வது பத்து ரூபாய் நாணயத்தின் மேல் சிக்குக்கோலம் போடச் சொல்வதைப் போன்றது. சுழியோடு சுழி ஒட்டும், நடுவிலுள்ள வெள்ளை அடைபடும், கடைசியில் ஒரு சாம்பல் பொட்டலம்தான் மிஞ்சும். முன்பின் எழுத்தைப் பார்த்து இது ‘ணூ’வாகத்தான் இருக்கவேண்டும் என்று மூளை ஊகித்துக்கொள்ளும். நாள் முழுக்க அப்படி ஊகித்துக்கொண்டே படிப்பதுதான் அலுப்பு. புதுத் திரையில் அந்த ஊகமே தேவைப்படவில்லை. எழுத்து தன்னைத் தானே சொல்லிவிடுகிறது.

இதில் நான் அடித்துச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. கூர்மையான திரை ஆங்கிலம் படிப்பவரைவிடத் தமிழ் படிப்பவருக்குத்தான் அதிகம் தேவை. ஆங்கில எழுத்தில் எச், எல், டி, ஐ என்று நேர்க்கோடுகள் ஏராளம். நேர்க்கோட்டைப் பிக்சல் கட்டத்தோடு ஒட்டி நிமிர்த்தி வைத்துவிட்டால் மங்கல் திரையிலும் பளிச்சென்று இருக்கும். 1996இல் மேத்யூ கார்ட்டர் வடிவமைத்த வெர்டானா அப்படிப் பிறந்த எழுத்துருதான். டாம் ரிக்னர் என்ற வல்லுநர் கட்டம் கட்டமாகப் பார்த்து அதைத் திரைக்கென்று பதப்படுத்தினார். அந்தக் காலத்துத் திரையிலும் அது கணீரென்று நின்றது. நம் எழுத்திலோ ‘ழ’வுக்கு வால், ‘ஞ’வுக்கு மடிப்பு, ‘ஜ’வுக்குச் சுருள், ‘ஸ்ரீ’க்கு ஒரு முழு ஊர்வலம். நேர்க்கோட்டை நிமிர்த்தலாம், சுழியை எங்கே நிமிர்த்துவது?

மைக்ரோசாஃப்ட் 1998இல் அறிவித்த கிளியர்டைப் என்ற உத்தியும் இப்படித்தான். ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அவற்றைத் தனித்தனியாகப் பயன்படுத்தி எழுத்தின் ஓரத்தை மென்மையாக்கும் நல்ல யோசனை அது. ஆனால் பட்டைகள் பக்கவாட்டில்தான் நிற்கின்றன. ஆகவே கிடைக்கும் நுணுக்கமும் பக்கவாட்டில்தான். நம் சுழி மேலும் கீழும் இடமும் வலமும் வளைகிறது, புள்ளியோ தலைக்கு மேல் நிற்கிறது. நமக்கு நான்கு திசையிலும் நுணுக்கம் வேண்டும். அதைக் கொடுப்பது ஒன்றே ஒன்று: அங்குலத்துக்கு அதிகப் பிக்சல்.

பழைய புத்தகங்களுக்கு வருவோம். சொல்லச் சொல்ல எனக்கு வாயூறுகிறது! 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வரும்வரை ணை, லை, ளை, னை எல்லாம் துதிக்கை தூக்கிய வடிவில் அச்சாயின. ணா, றா, னா மூன்றும் கீழே சுழித்து வளைந்தன. அந்தக் காலத்து நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் ஈழத்து நூல்களை நூலகம் தளத்திலும் அள்ளி அள்ளி வைத்திருக்கிறார்கள். ஸ்கேன் பிரதியில் எழுத்துருவை மாற்ற முடியாது. பக்கம் ஒரு படம். அந்தப் படத்தில் உள்ளதைத் திரை முழுதாகக் காட்டினால்தான் உண்டு. என் திரையில் துதிக்கையின் வளைவு தெரிகிறது, ஈய அச்சு அழுத்திய இடத்தில் மை சற்றே பிதுங்கியிருப்பது தெரிகிறது, தேய்ந்த எழுத்தும் புது எழுத்தும் ஒரே வரியில் கலந்து நிற்பது தெரிகிறது. அச்சுக்கோத்தவரின் கையையே பார்ப்பதுபோல் மனசு துள்ளுகிறது.

உங்கள் திரையைச் சோதித்துப் பார்க்க ஒரு பக்கம் சொல்லட்டுமா? சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறங்கள். இரண்டு பத்தி. தலைச்சொல் தமிழில், அதை ஒட்டி ரோமன் எழுத்தில் ஒலிபெயர்ப்பு, நெடிலுக்கு மேலே கோடு, ளகரத்துக்கும் ணகரத்துக்கும் கீழே புள்ளி, பிறகு ஆங்கிலப் பொருள், தமிழ்ப் பொருள், மேற்கோள், நூலின் சுருக்கப் பெயர். எல்லாம் பொடி எழுத்து. ஒரு பக்கம் முழுவதையும் திரையில் வைத்துக்கொண்டு, பெரிதாக்கும் பொத்தானைத் தொடாமல் மேற்கோளை வாசிக்க முடிந்தால் அது படிக்கிறவருக்கான திரை. என் திரை வாசிக்க விட்டது. அன்றிரவு ஒரு சொல்லைத் தேடப் போய், அடுத்த சொல், அதற்கடுத்த சொல் என்று நள்ளிரவு தாண்டிவிட்டது!

ரெசல்யூஷனோடு திரையின் வடிவத்தையும் பாருங்கள். 16க்கு 9 என்ற வடிவம் சினிமாவுக்கு ஏற்றது. பக்கம் படிப்பவருக்கு உயரம் வேண்டும். 16க்கு 10, அல்லது 3க்கு 2, இரண்டில் ஒன்றைத் தேடுங்கள். 14 அங்குல 16க்கு 10 திரை சுமார் 30 சென்டிமீட்டர் அகலமும் 19 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரமும் கொண்டது. நம் பதிப்பகங்கள் அதிகம் போடுகிற டெம்மி அளவுப் புத்தகம் சுமார் 14க்கு 21.5 சென்டிமீட்டர். முழுத்திரையில் இரண்டு பக்கங்களையும் அருகருகே விரித்தால் அசல் அளவில் ஏறக்குறைய 87 சதவீதத்தில் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. விரித்த புத்தகம்! ஓரத்தோடு சேர்த்து ஒரு பக்கத்தில் 38 வரிக்கு இடம் என்று கணக்கிட்டால் ஒவ்வொரு வரிக்கும் 42 பிக்சல் கிடைக்கிறது. 768 பிக்சல் உயரத் திரையில் இதே விரிப்புக்கு வரிக்கு 20தான். மெய்ப்பு பார்க்கும்போது இடப்பக்கம் மூலப்பிரதியும் வலப்பக்கம் அச்சுப்படியும் வைத்துக்கொள்கிறேன். இரண்டும் முழுசாக, தெளிவாக நிற்கின்றன. உருட்டி உருட்டித் தேடும் வேலையே போய்விட்டது.

“ரெசல்யூஷன் கூடினால் எழுத்தெல்லாம் எறும்பாகிவிடுமே?” என்று கேட்காதவர் இல்லை. கவலையே வேண்டாம். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே என்று போனால் ஸ்கேல் என்று ஓர் இடம் இருக்கிறது. எழுத்தின் அளவை முடிவு செய்வது அதுதான். 2560×1600 திரையில் 200 சதவீதம் வைத்தால் எழுத்துகள் 1280×800 திரையில் இருக்கும் அளவில் வரும். ஆனால் அங்கே ஒரு பிக்சல் இருந்த இடத்தில் இங்கே நான்கு நின்று எழுத்தைச் செதுக்கும். 175 சதவீதம் வைத்தால் அளவு கொஞ்சம் குறைந்து இடம் கொஞ்சம் கூடும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. மேக் வைத்திருப்பவர்களுக்கும் டிஸ்ப்ளே அமைப்பில் பெரிய எழுத்து, அதிக இடம் என்று இதே வசதி உண்டு.

ஆனால் ஒன்று: எழுத்தைப் பெரிதாக்க வேண்டி ரெசல்யூஷனையே குறைக்காதீர்கள். திரையில் பதிந்திருக்கும் பிக்சல்களின் எண்ணிக்கை மாறாது. 1600 வரிசை இருக்கிற இடத்தில் 1200 வரிசைப் படத்தை இழுத்துப் பரப்பினால் எல்லா எழுத்தும் மங்கும். ரெசல்யூஷன் எப்போதும் முழு அளவில், எழுத்தின் அளவு ஸ்கேலில். இந்த ஒரு வரியை எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளலாம். பழைய பக்கவடிவமைப்பு மென்பொருள்கள் சில இந்த ஸ்கேலைப் புரிந்துகொள்ளாமல் மங்கலாக வரும். அவற்றின் ப்ராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி என்ற பகுதிக்குப் போய் ஹை டிபிஐ அமைப்பை மாற்றிப் பார்த்தால் பல சமயம் தெளிந்துவிடும்.

கூடுதல் பிக்சலின் அருமை வயதானவர்களிடம்தான் முழுதாகத் தெரிகிறது. என் அம்மா தொடர்கதை படிக்க உட்கார்ந்தால் 225 சதவீதம் வைத்துக் கொடுக்கிறேன். பழைய திரையில் அந்த அளவுக்குப் பெரிதாக்கினால் எழுத்தின் ஓரமெல்லாம் படிக்கட்டாகத் தெரியும். இதில் அப்படியில்லை. சுவரொட்டி எழுத்துப் போலப் பெரிதாக, கல்யாணப் பத்திரிகை எழுத்துப் போல வழவழப்பாக வருகிறது. “கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடலாம் போலிருக்கேடா” என்றார். கழற்றவில்லை, ஆனால் அத்தியாயத்தை ஒரே மூச்சில் முடித்துவிட்டார்!

எத்தனை பிபிஐ போதும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நல்ல பார்வை என்று கண் மருத்துவர் சொல்லும் 6/6 பார்வை, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்தறியும். அதை வைத்துப் பார்த்தால் 3438 என்ற எண்ணைக் கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தால், அங்குலத்தில், வகுத்தால் போதுமான பிபிஐ வந்துவிடும். 24 அங்குலம் தள்ளி உட்கார்ந்தால் 143. 20 அங்குலம் என்றால் 172. மடியில் வைத்துக்கொண்டு 16 அங்குலத்தில் படித்தால் 215. லேப்டாப்பை நாம் மேஜைக் கணினியைவிடக் கிட்டத்தில் வைத்துத்தான் படிக்கிறோம். சுவாரசியம் கூடினால் இன்னும் குனிகிறோம். தவிரவும், கோட்டில் விழும் சின்னப் பிசகை நம் கண் இந்தக் கணக்கைவிட நுட்பமாகக் கண்டுபிடித்துவிடும். அதனால் 200ஐத் தாண்டிய திரையின் மென்மை ஃபுல் ஹெச்டிக்குப் பழகிய கண்ணுக்கும் முதல் பார்வையிலேயே தெரிகிறது.

இந்த 200 என்ற எல்லையைத் தொடப் பலர் பாடுபட்டிருக்கிறார்கள். ஐபிஎம் 2001இல் கொண்டுவந்த டி221 மானிட்டர் 22.2 அங்குலத்தில் 3840×2400, 204 பிபிஐ. விலையோ சாமானியர் நெருங்க முடியாதது. ஏழை நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று 2007இல் உற்பத்தியான ஓஎல்பிசி எக்ஸ்ஓ-1 மடிக்கணினியில் 7.5 அங்குலத் திரை; மேரி லூ ஜெப்சன் வடிவமைத்தது. வெயிலில் வைத்தால் கறுப்பு வெள்ளையில் 1200×900, அதாவது அங்குலத்துக்கு 200 பிக்சல். பிள்ளைகள் புத்தகம் படிக்கவேண்டும் என்பதற்காக ஒரு மலிவுக் கணினியில் அன்றைக்கே அப்படி ஒரு திரையை வைத்த மனசை என்னவென்று புகழ்வது! 2012 ஜூனில் ஆப்பிளின் 15 அங்குல ரெட்டினா மேக்புக் ப்ரோ 2880×1800உடன் 220 பிபிஐயைத் தொட்டது. மறுவருடம் கூகுளின் குரோம்புக் பிக்சல் 3க்கு 2 வடிவில் 239 பிபிஐ கொடுத்தது. ஒரு காலத்தில் ஆய்வுக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் வாய்த்த நேர்த்தி இன்று நடுத்தர விலை லேப்டாப்புகளில் வந்து நிற்கிறது. நாம் கொடுத்துவைத்தவர்கள்.

அப்படியானால் எதை வாங்குவது? 14 அங்குலத்தில் 2560×1600 என் முதல் தேர்வு. 13.5 அங்குல 2256×1504 திரை 3க்கு 2 வடிவில் 201 பிபிஐ தரும். பக்கம் பக்கமாகப் படிப்பவருக்கு மிக அருமை. 2880×1800 ஓலெட் திரை 14 அங்குலத்தில் 243 பிபிஐ. அதன் கறுப்பு மை கொட்டியது போலிருக்கும். சில ஓலெட் திரைகள் வெளிச்சத்தைக் குறைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் துடிக்கும், சிலருக்கு அது தலைவலி தரும். ஆகவே வெளிச்சத்தைக் குறைத்துவைத்துக் கொஞ்ச நேரம் படித்துப் பார்த்து எடுங்கள். பட்ஜெட் இடிக்கிறதா? 14 அங்குலத்தில் 1920×1200 எடுங்கள். 162 பிபிஐ. ஒரு கை தள்ளி வைத்துப் படித்தால் மரியாதையான எழுத்து. 14 அங்குலத்தில் 3840×2160 தேவையில்லை. 315 பிபிஐயில் கூடுதலாகக் கிடைப்பது கண்ணுக்கு அதிகம் எட்டாது, பேட்டரிக்குத்தான் சுமை. 1366×768 மட்டும் வேண்டவே வேண்டாம்.

கடையில் ஏமாறாமலிருக்க ஒரு வழி. ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று விதத் திரைகள் வருவதுண்டு. பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல், பெட்டியிலோ விவரக்குறிப்பிலோ ரெசல்யூஷன் எண்ணைப் படியுங்கள். கூடவே நிட்ஸ் என்று வெளிச்சத்தின் அளவு போட்டிருக்கும். 250 என்றால் ஜன்னலோரத்தில் திணறும், 400 என்றால் நிம்மதி. விளக்கொளி பிரதிபலிக்காத மேட் திரை படிப்பவருக்கு இதம். காட்சிக்கு வைத்திருக்கும் கணினியில் கடலும் கிளியும் வண்ண வண்ணமாக ஓடிக்கொண்டிருக்கும். அதில் மயங்காதீர்கள். சென்னை ரிச்சி தெருவானாலும் உங்கள் ஊர்க் கடைவீதியானாலும், “அண்ணே, இதுல ஒரு தமிழ்ப் பக்கம் திறந்து காட்டுங்க” என்று கேளுங்கள். வழக்கமாகப் படிக்கும் தூரத்தில் உட்காருங்கள். ‘கண்ணன்’, ‘மணற்கேணி’, ‘ஞாயிற்றுக்கிழமை’, ‘ஜூலை’ போன்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். ‘ண்’ணின் புள்ளி தனித்து நிற்கிறதா, ‘ற்று’வுக்குள் வெள்ளை தெரிகிறதா, ‘ஜூ’வின் சுருள் பிரிகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் பணத்தை எடுங்கள்.

கணக்குப் பார்க்கிறவர்களுக்கும் சொல்கிறேன். பல லேப்டாப்புகளில் ராமைப் பின்னால் கூட்டிக்கொள்ளலாம், எஸ்எஸ்டியைப் பெரிதாக மாற்றிக்கொள்ளலாம். திரையை மாற்றுவது மட்டும் பெரும்பாலும் நடக்காத காரியம். வாங்குகிற அன்று எதை எடுக்கிறோமோ அதன் முன்தான் அத்தனை வருடமும் உட்காரப்போகிறோம். ப்ராசசரில் ஒரு படி இறங்கி அந்தப் பணத்தைத் திரையில் போடுங்கள். புத்தகம் திறக்கவும் கட்டுரை எழுதவும் சின்ன ப்ராசசரே ஏராளம். நம் எழுத்து வளைந்து வளைந்து வரும் எழுத்து. அதை வளைவு குலையாமல் காட்டுகிற திரை இன்று கைக்கெட்டும் விலையில் கிடைக்கிறது. தமிழ் படிக்கிற ஒவ்வொருவரும் அதைக் கேட்டு வாங்கவேண்டும். வாங்கியதும் முதல் வேலையாகத் தமிழ் மின்னூலகத்தைத் திறந்து, இத்தனை நாள் எழுத்துப் பொடியாக இருக்கிறதென்று தள்ளிவைத்த அந்தப் பெரிய புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்!